அளவுக்காரரின் மடக்கு லென்ஸ்

அளவுக்காரருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கடைக்கு வருகிறவரின் மூக்குமேல் சின்ன அளவுகோலை வைத்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். பார்த்ததை அட்டையில் எழுதுவார். எழுதிய பிறகு இன்னொரு தரம் அளப்பார். கண்ணாடியைச் சட்டத்துக்கு ஏற்றபடி மெஷினில் தேய்த்து, விளிம்பை விரல் நுனியால் தடவி, உட்காருகிறதா என்று பார்த்து, மறுபடி தேய்ப்பார். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தலைவலி வரும் என்பார். யாருக்கு என்று முதலாளி கேட்டால், "முதல்ல எனக்கு" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். சுவரில் ஒரு கடிகாரம் மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று நின்று மனைவிக்குக் கால் வலி எடுத்தது. அவர் பென்சிலைத் தேடி உள்ளே போன நேரத்தில் அவளே கண்ணால் பார்த்து, அடித்து, மாட்டிவிட்டாள். வந்து அளந்து பார்த்தார். நேராகத்தான் இருந்தது. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோணலாக இருந்திருந்தால் அன்றைக்கே சிரித்துப் பேசியிருப்பார். ஆளைப் புரிந்துகொள்ள இது போதும்.

அவருடைய உயிர் ஒரு பழைய பிலிம் கேமராவில் இருந்தது. ரேஞ்ச்பைண்டர் கேமரா. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரமாக ஒரு குட்டி ஜன்னல் இருக்கும், அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். எதிரில் இருப்பவரின் முகம் ஜன்னலின் நடுவில் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் நிறுத்தி எடுத்தால் படம் துல்லியமாக விழும். அளவுக்காரருக்காகவே யாரோ உட்கார்ந்து செய்தது போன்ற கேமரா.

அதில் மாட்டியிருந்த ஐம்பது எம்.எம். லென்ஸுக்கு எழுபது வயது. மடக்கு லென்ஸ். எடுப்பதற்கு முன்னால் குழாயை வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் திருகி அமுக்கினால் ஆமைத் தலை போல கேமராவுக்குள் போய்விடும். அந்த லென்ஸை அவர் தவிர யாரும் தொட்டதில்லை. ஈரம் புகாத டப்பா, டப்பாவுக்குள் துணி, துணிக்குள் லென்ஸ். தூசி தட்டும்போதுகூட மனைவி அந்த அலமாரித் தட்டைத் தாண்டிப் போய்விடுவாள்.

படம் எப்படி வரும் என்று கேட்கிறீர்களா? துல்லியமாக வரும். சட்டைப் பித்தானின் நூலை எண்ணலாம். ஒரே ஒரு குறை: அவர் இரண்டு முகத்தையும் ஒன்றாக்கி முடிப்பதற்குள், எதிரில் இருப்பவர் சிரித்து, சிரிப்பு ஓய்ந்து, கொட்டாவி விட்டு, வீட்டில் கேஸை அணைத்தோமா என்ற யோசனைக்குப் போயிருப்பார். அந்த யோசனைதான் படத்தில் விழும், அதுவும் துல்லியமாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அச்சகத்தின் மாடியில் போட்டோ சங்கம் கூடும். பதினைந்து பேர் வருவார்கள். செயலாளர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேரம் தவறாதவர், குரல் பெரிது. வருஷத்துக்கு ஒரு வாரம் சங்கத்துப் படங்களை நூலகத்தின் வாசிப்பறைச் சுவரில் மாட்டுவார்கள். பதினெட்டு வருஷமாக அளவுக்காரரின் படமும் மாட்டப்பட்டது. எப்போதும் கதவை ஒட்டிய இடம். கதவு திறந்திருந்தால் படம் கதவுக்குப் பின்னால் போய்விடும், கதவோ எப்போதும் திறந்தேதான் இருக்கும். ஆனாலும் சங்கத்தில் லென்ஸ் பற்றி ஒரு சந்தேகம் என்றால் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். அந்த ஒரு மரியாதையில் மனிதர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதில் மண் விழுந்தது மனைவியால்.

அவள் பல் கிளினிக்கில் நர்ஸ். அவளுக்கு அளக்கத் தெரியாது, பேசத் தெரியும். ஊசியைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொள்ளும் தடியர்கள்கூட அவள் தோளில் கை வைத்து, "ஒண்ணுமே இல்ல, என்னைப் பாருங்க, போன வாரம் ஒருத்தர் டாக்டர் விரலையே கடிச்சுட்டாரு, கேளுங்களேன்" என்று ஆரம்பித்தால் வாயைத் திறந்துவிடுவார்கள். கிளினிக்கில் பல்லைப் படம் எடுக்க ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. டாக்டர் புதிதாக ஒன்று வாங்கியபோது, பழையதை லென்ஸ் இல்லாமல் அவளுக்குக் கொடுத்தார். வெறும் உடம்பு மட்டும்.

"லென்ஸ் இல்லாத கேமராவை வச்சு என்ன பண்ணப் போறே? ஊறுகாயா போடப் போறே?" என்றார் அளவுக்காரர்.

அவள் பழைய பொருள் விற்கும் கடையில் இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு பழைய ரேஞ்ச்பைண்டர் லென்ஸைக் கண்டுபிடித்தாள். முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், ஓரத்தில் பூஞ்சைத் தடம். புதுக் கேமராவில் பழைய லென்ஸைப் பொருத்த நடுவில் ஒரு வளையம் வேண்டும். அதையும் எங்கோ வரவழைத்தாள். பொருத்தியதும் கேமராவின் பின்திரையில் படம் தெரிந்தது. வளையத்தைக் கையால் திருகி, திரையில் கண் தெளிவாகும் இடத்தில் எடுத்தாள். ஜன்னலும் இல்லை, இரண்டு முகத்தை ஒன்றாக்கும் வேலையும் இல்லை.

முதலில் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன்னையே பார்த்துத் தானே சிரித்துக்கொள்கிற ஒரு நொடி. கீறல் விழுந்த கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் அந்த அம்மாவின் நரைமுடி மேல் மஞ்சள் பனி போல இறங்கியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று அவரிடம் நீட்டினாள்.

அளவுக்காரர் கடைப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார்.  "மூலை ரெண்டும் இருட்டா இருக்கு. காதுப் பக்கம் ஷார்ப் இல்ல" என்றார்.

"காதை யாருங்க பாப்பாங்க?" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு அந்தப் படத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனாள். பெரிய குரல் செயலாளர் அதைக் கையில் வாங்கி, ஜன்னலோரம் போய் நின்று, இரண்டு நிமிஷம் வாயே திறக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அளவுக்காரரின் எந்தப் படத்துக்கும் அவர் அரை நிமிஷம்கூட சும்மா இருந்ததில்லை. அந்த மௌனம்தான் அளவுக்காரரைக் கொன்றது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், "அது லென்ஸோட வேலை. கீறல் இருந்தா வெளிச்சம் சிதறும். யார் எடுத்தாலும் அப்படித்தான் வரும்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் "சரி" என்றாள். அந்தச் சரியையும் அவரால் தாங்க முடியவில்லை.

பொறாமை என்பது வீட்டுக்கு வெளியே இருப்பவர்மேல் வந்தால் நிம்மதி. கதவைச் சாத்திக்கொள்ளலாம். கட்டிய மனைவிமேல் வந்தால் எங்கே போய்ச் சாத்துவது? அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பக்கத்தில் படுக்கிறாள், தலைவலி என்றால் தைலம் தேய்க்கிறாள். மற்றவர்களுக்குக் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பொழுதுபோக்கு என்று சந்தோஷம். "கொடுத்து வச்சவங்க" என்று வேறு சொல்வார்கள். அளவுக்காரர் பல்லைக் காட்டுவார். உள்ளே புகைந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் அவள் வேலைக்குப் போன பிறகு அந்தக் கீறல் லென்ஸைத் திருட்டுத்தனமாகக் கழற்றித் தன் பிலிம் கேமராவில் மாட்டினார். தையல்காரம்மாவை அதே நாற்காலியில், அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் உட்காரவைத்தார். ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தார். ஒரு சுருள் முழுக்க எடுத்தார். கழுவிப் பார்த்தால் அதே மஞ்சள் பனி இறங்கியிருந்தது. பனிக்குள்ளே, அரசாங்க அடையாள அட்டைக்கு உட்கார்ந்தது போல ஒரு அம்மா. முப்பத்தாறு படத்திலும் ஊசி துல்லியம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. சுருளைக் குப்பைத்தொட்டியின் அடியில் போட்டு, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அவள் எடுத்த படங்கள் வாசிப்பறையில் நடுச்சுவருக்குப் போயின. கதவோரம் அவருக்கு.

பிறகு நூலகத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. வாசிப்பறைக்குத் தினமும் வருகிற நாற்பது பேரின் முகங்களைப் படமெடுத்துப் புது அறையில் நிரந்தரமாக மாட்டப்போவதாக நூலகர் சங்கத்துக்கு எழுதினார். ஒரு வாரத்துக்கு அல்ல, நிரந்தரமாக. எல்லாம் ஒரே கையால் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

அளவுக்காரர் கணக்குப் போட்டார். மூப்பு அவருக்கு. லென்ஸ் ஞானம் அவருக்கு. நாற்பது படமும் ஒரே அளவில், ஒரே தூரத்தில் எடுக்க அவரை விட்டால் ஆளில்லை. கடையில் லீவுகூடச் சொல்லி வைத்துவிட்டார். முதலாளி, "நூலகத்துக்கே நீங்கதானா? பெரிய விஷயமாச்சே" என்றபோது, "நம்மள விட்டா யாரு இருக்கா சார்?" என்று அடக்கமாக வேறு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் எழுந்து நின்று, "இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. நம்ம தங்கச்சிதான் எடுக்குது" என்று அவளைக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அளவுக்காரரும் தட்டினார். கணவன் தட்டாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? "நீங்க பக்கத்துல நின்னு வெள்ளை அட்டை பிடிங்க அளவுக்காரரே. வெளிச்சத்தை முகத்துல திருப்பிவிட உங்களை மாதிரி கை நடுங்காத ஆளு வேணும்" என்றார் செயலாளர். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அது இன்னும் எரிந்தது.

வீட்டில் அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு வருத்தமா இருந்தா நான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"எனக்கு என்ன வருத்தம்? நீ எடுத்தா என்ன, நான் எடுத்தா என்ன?"

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்" என்றார். உண்மையைச் சொல்ல அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. அவர் அதைச் சாத்திக்கொண்டார்.

படம் எடுக்க வேண்டிய சனிக்கிழமைக்கு முந்தின நாள் அவளுடைய கீறல் லென்ஸ் சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்த பழைய மசகு இறுகிப்போய் வளையம் திரும்பவே இல்லை. அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். கேட்கத் தயங்கினாள். கேட்டாள்.

"உங்க லென்ஸைக் குடுப்பீங்களா? ஒரே ஒரு நாளைக்கு."

நல்ல மனுஷன் என்றால் கொடுப்பான். கெட்ட மனுஷன் என்றால் மாட்டேன் என்பான். அளவுக்காரர் இரண்டும் இல்லை. டப்பாவைத் திறந்தார், துணியைப் பிரித்தார், லென்ஸை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளால் நம்பவே முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. அவள் கேமராவின் வளையத்தில் அதை அவரே பொருத்தினார். "இப்படி இழுக்கணும். இழுத்து, திருகிப் பூட்டணும். பூட்டலேன்னா எல்லாம் மங்கலா வரும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

"வேற ஏதாவது கவனிக்கணுமா?"

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மடக்கு லென்ஸைப் பழைய பிலிம் கேமராவில் எத்தனை தரம் வேண்டுமானாலும் உள்ளே அமுக்கலாம். அதற்கான இடம் அதில் உண்டு. டிஜிட்டல் கேமராவுக்குள் அந்த இடம் கிடையாது. அமுக்கினால் குழாயின் பின்விளிம்பு, உள்ளே படமெடுக்கத் திறந்து மூடுகிற ஷட்டர் தகடுகளில் போய் முட்டி அவற்றை நெளித்துவிடும். போன வருஷம் சங்கத்தில் கரும்பலகையில் படம் போட்டு இதை ஒரு மணி நேரம் விளக்கியவர் சாட்சாத் அளவுக்காரர்தான். அன்றைக்கு அவளுக்குக் கிளினிக்கில் வேலை, வரவில்லை. ஆனால் பதினாறு வருஷமாக வீட்டில் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் எடுத்து முடித்ததும் கணவர் அந்தக் குழாயைத் திருகி உள்ளே அமுக்குவதை.

"வேற ஒண்ணும் இல்ல" என்றார் அளவுக்காரர்.

சனிக்கிழமை காலை வாசிப்பறையில் ஒரு பெரிய ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டார்கள். அளவுக்காரர் வெள்ளை அட்டையோடு ஆறடி தள்ளி நின்றார். வாசகர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தினமும் மூன்று செய்தித்தாளையும் படித்துவிட்டு மூன்றிலும் பொய் என்று சொல்லும் பூட்டு ரிப்பேர்க்காரர். வேலை தேடுகிற பெண். குறுக்கெழுத்தைப் பென்சிலில் போடாமல் பேனாவிலேயே போடுகிற பஸ் கண்டக்டர். அவள் ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டாள், ஏதோ சொன்னாள். பூட்டுக்காரர் தன் வீட்டுப் பூட்டையே திறக்க முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். வேலை தேடும் பெண் ஒரு நொடி அழப் பார்த்து, அடக்கி, நிமிர்ந்தாள். அந்த நிமிர்வில் கேமரா சொடுக்கியது.

இத்தனையும் அவருடைய லென்ஸில். இத்தனை வருஷம் அவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய லென்ஸ் அவளுக்கு ஒரே காலையில் வசப்பட்டுவிட்டது. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் போய்ச் சிரித்து விளையாடுவது போல இருந்தது அவருக்கு. அட்டையைப் பிடித்த கை நடுங்கவில்லை. செயலாளர் சொன்னது சரிதான்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் அவர் கண் அவள் விரலுக்குப் போனது. இப்போது அமுக்குவாளா? இல்லை, அடுத்த ஆள் வந்துவிட்டார். இப்போதா? இல்லை. காலை முழுக்க இதே வேலை.

இருபத்திரண்டு பேர் முடிந்ததும் செயலாளர் டீ வந்துவிட்டது என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார். அவள் கேமராவை ஒரு தரம் தூக்கி, அவர் நின்ற பக்கமாக எதையோ எடுத்தாள். பின்னாலிருக்கும் அலமாரியை எடுக்கிறாள் என்று அவர் நினைத்தார். கேமராவை இறக்கினாள். கிளினிக்கில் ஒவ்வொரு கருவியையும் துடைத்து, மடக்கி, அதனதன் இடத்தில் வைத்துப் பழகிய கை, குழாயில் போய் உட்கார்ந்தது. திருகினாள். பூட்டு விட்டது.

அங்கே அவள் நிறுத்தினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ஆறடி தூரம். "அமுக்காதே" என்று ஒரே ஒரு வார்த்தை. கத்தக்கூட வேண்டாம். தொண்டை வரை வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: கேமரா கெட்டால் மீதி பதினெட்டு பேரை யார் எடுப்பது? பையில் தன் பிலிம் கேமரா இருக்கிறது. அளவுக்காரர் எச்சிலை விழுங்கினார். வார்த்தையும் கூடவே போனது.

அவள் அமுக்கினாள். நகம் தகரத்தில் கீறுவது போல ஒரு சின்னச் சத்தம் வந்தது.

ஓடிப் போனார். ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள் பாவம், எவ்வளவு பதறுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவள் அதற்குள் லென்ஸைக் கழற்றிவிட்டாள். கேமராவுக்குள்ளே மெல்லிய தகடுகள் நெளிந்து கிடந்தன. அதை அவள் பார்க்கவே இல்லை. லென்ஸைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பின்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க லென்ஸுக்கு ஏதாவது ஆயிடுச்சா பாருங்க. விளிம்புல கீறல் மாதிரி இருக்கு. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. விளிம்பில்தான் மயிரிழை அளவு கீறல். 

டீ டம்ளரோடு வந்த செயலாளர் விஷயத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "அடடா, அமுக்கிட்டியா? டிஜிட்டல்ல அமுக்கக் கூடாதேம்மா. இவரு படம் போட்டே எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினாரே" என்றவர், அளவுக்காரரின் பக்கம் திரும்பினார். "ஏன் சார், தங்கச்சிக்கு நீங்க சொல்லலியா?"

அளவுக்காரர் தரையைப் பார்த்தார். வாசிப்பறைத் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள்.

"சொன்னாரு அண்ணே. நேத்தே சொன்னாரு" என்றாள் அவள். "நான்தான் மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு லென்ஸை அவர் கையில் வைத்தாள். "மீதிப் பேரை நீங்க எடுத்துடுங்க. பாவம், காத்துக்கிட்டு இருக்காங்க."

ஆசைப்பட்டது கைக்கு வந்தது. அளவுக்காரர் பிலிம் கேமராவை எடுத்தார், லென்ஸை மாட்டினார், ஜன்னலில் கண்ணை வைத்தார். எதிரில் ஓய்வுபெற்ற தபால்காரர். முகம் இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருகினார். தபால்காரரின் முகம் மெல்ல மெல்ல விறைத்துக்கொண்டு வந்தது. அப்போது அவள் பக்கத்தில் வந்து நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்து, "ஏன் சார், அட்ரஸே இல்லாம லெட்டர் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். விறைப்பு கழன்றது. தபால்காரர் பேச ஆரம்பித்தார், சிரித்தார். இரண்டு முகமும் ஒன்றாகின. அந்த ஒரு முகம் அவரைப் பார்க்கவில்லை. அரை அடி இடப்பக்கம், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க" என்றார் அளவுக்காரர். தபால்காரர் இங்கே பார்த்தார். உடனே மறுபடி தபால் நிலையத்துச் சுவர் மாதிரி ஆகிவிட்டார். பிறகு அளவுக்காரர் யாரையும் இங்கே பார்க்கச் சொல்லவில்லை. பதினெட்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவர் ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சண்டைக்குத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்தார். தெரியாமல் நடந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது, இருபது வேலையில் எதை நினைவு வைப்பது என்று மூன்று நான்கு பதில்களை வரிசையாக வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை. கை கால் கழுவினாள். உலர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு கேமராவிலிருந்து கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

"வாங்க, வந்து பாருங்க" என்றாள்.

பூட்டுக்காரர் வந்தார், வேலை தேடும் பெண் வந்தாள், கண்டக்டர் வந்தார்.  இருபத்திரண்டும் முடிந்தன. இருபத்து மூன்றாவதாக ஒன்று வந்தது.

ஒரு மனிதர் மார்பளவு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அட்டையிலிருந்து வெளிச்சம் அவர் முகத்திலேயே திரும்பி விழுந்திருக்கிறது. உதடுகள் ஒட்டியிருக்கின்றன. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, சற்றுக் கீழே, அதைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்க்கின்றன. பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பது போல.

தன்னை அடையாளம் கண்டுகொள்ள அளவுக்காரருக்கு ஒரு நொடி பிடித்தது.

"இந்த மூஞ்சியை ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள். கோபம் குரலில் இல்லை, களைப்புதான் இருந்தது. "சாப்பிடறப்போ, சங்கத்துல கை தட்டறப்போ. ஆனா இன்னைக்கு வேற மாதிரி இருந்துது. ஏதோ நடக்கப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருக்கற மூஞ்சி. அதான் எடுத்தேன்."

"அழிச்சுடு" என்றார்.

"நீங்களே அழிங்க." மௌஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கையை வைத்தார். அழிக்கும் இடத்துக்கு அம்பைக் கொண்டுபோனார். அவருக்கு அவமானம் இல்லாமலில்லை. காது மடல்கள் கொதித்தன. ஆனால் அந்த அவமானத்துக்கும் முன்னால், அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்து நின்றது. என்ன படம் இது! விரல் தன்னால் படத்தைப் பெரிதாக்கியது. இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காதுகூடத் துல்லியம். ஒரு குறை சொல்ல இடமில்லை. தன் லென்ஸில் தன் முகத்தை இப்படி ஒருத்தி எடுத்துவிட்டாளே என்று, அந்த நேரத்திலும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேயும், வயிறு எரிந்தது.

"நல்லா எடுத்திருக்கே" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. 

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"நீங்க சொல்லியிருக்க வேண்டியது இது இல்லீங்க" என்றாள்.

அளவுக்காரர் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.  அவர் அடுக்கி வைத்திருந்த பதில்களில் ஒன்றும் இப்போது உதவவில்லை.

"அமுக்காதேன்னு சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். "அதைக் கேக்கத்தான் நிறுத்தி, உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்."